மௌனம் சம்மதமா?



பெண் பார்க்கும்போது பெண் தலைகுனிந்து நின்றால் "மௌனம் சம்மதம்" என்று பெரியவர்களே முடிவு செய்துவிடுவார்கள். இதைச் சில நாடுகள் சட்டமாகவே வைத்திருக்கின்றன... உறுப்பு தானத்தில்! உயிரோடு இருக்கும்போது "வேண்டாம்" என்று பதிவு செய்யாதவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்கள் என்று கணக்கு. ஸ்பெயினில் 1979 முதலும், வேல்ஸில் 2015 முதலும் இப்படித்தான். நமக்கும் இது வேண்டுமா? அதற்கு முன் கொஞ்சம் நம் ஊர் வரலாற்றைப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பெயர். கடனை அடைக்க ஏழைகள் சிறுநீரகத்தை விற்றார்கள். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இந்த விற்பனையைக் குற்றமாக்கியது. மூளைச்சாவையும் மரணமாக ஏற்றது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பின் எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் பலர் சிறுநீரகம் விற்றது 2007 ஜனவரியில் வெளியே வந்தது. காகிதத்தில் பார்த்தால் அதுவும் சம்மதம்தான்!

இந்த அவமானத்துக்குப் பிறகுதான் அரசு விழித்தது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவதை முறைப்படுத்தி 2008இல் அரசாணைகள் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த சிறுவன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அவனுடைய அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். அவர்களே முன்வந்து உறுப்புகளைக் கொடுத்தார்கள். போலீசார் சாலையை ஒதுக்கிக் கொடுக்க, அவன் இதயம் முகப்பேரில் ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. எந்தச் சட்டமும் செய்யாததை அந்தப் பெற்றோர் செய்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராகக் குடும்பங்கள் முன்வந்தன. 2023இல், உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழக அரசு அறிவித்தது.

சரி, ஸ்பெயின் மட்டும் எப்படி முதலிடத்தில் இருக்கிறது? சட்டம் வந்து பத்து வருடம் கழித்து, 1989இல்கூட அங்கே பத்து லட்சம் பேருக்கு 14 பேர்தான் தானம் செய்தார்கள். அந்த ஆண்டுதான் இதற்கென்று ஒரு தேசிய அமைப்பு வந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்றவர்களை மருத்துவமனைகளில் வைத்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 40க்கும் மேல். இப்போதும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை! இந்தியாவிலோ அது 1கூட இல்லை.

இப்போது எங்கள் தென்காசிக்கு வாருங்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் சாலையெல்லாம் வண்டிகள். தலையில் அடிபட்டவரைத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கொண்டு ஓடுவார்கள். அங்கே இதயம் துடிக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது. ஆனால் ஆள் இல்லை என்கிறார் டாக்டர். அந்த நேரத்தில் "உங்கள் மகன் வேண்டாம் என்று எழுதித் தரவில்லை, அதனால் எடுத்துக்கொள்கிறோம்" என்றால் எந்தத் தாய் நம்புவாள்? திண்ணையில் பீடி சுற்றும் அக்காவுக்கு, மறுப்பதென்றால் பதிவு செய்ய வேண்டும் என்று யார் போய்ச் சொல்வது?

சிறுநீரகத்துக்காக டயாலிசிஸில் காத்திருப்பவர்களின் வேதனையும் உண்மைதான். அவர்கள் பக்கம் நின்று யோசித்தால் "கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை" என்றுதான் தோன்றும். ஆனால் ஒருமுறை நம்பிக்கை உடைந்தால் அவர்களுக்குக் கிடைப்பதும் நின்றுபோகும்.

எங்கள் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "கேட்டா குடுத்துட்டுப் போறேன். கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேறல்லா!"

நம் நாட்டில் தான அட்டை வைத்திருந்தாலும் கடைசியில் கேட்கப்படுவது குடும்பத்தைத்தான். அதனால் நண்பர்களே, உங்கள் விருப்பம் எதுவானாலும் இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் சொல்லிவிடுங்கள். நாம் மௌனமாக இருந்தால்தானே அதற்கு மற்றவர்கள் அர்த்தம் தேட வேண்டும்?