மலைநாட்டிற் காளான்

இடி முழங்கினால் மண்ணுக்குள் உறங்கும் காளான் விழித்துக்கொள்ளும் என்பது தமிழ்நாட்டு உழவரின் பழைய நம்பிக்கை. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காக 1820களின் பிற்பகுதி முதல் கடல் கடந்து இலங்கை மலைநாட்டிற்கு வந்த மக்களோடு இந்நம்பிக்கையும் வந்தது. அது முற்றிலும் பொய்யன்று. இம்மலைகளில் இடியோடு கூடிய மாலைமழை மிகுவது பங்குனி, சித்திரையிலும், பின்னர் ஐப்பசி, கார்த்திகையிலும் ஆகும். காளானை எழுப்புவது ஈரமேயாயினும், இடி அதன் பருவத்தைச் சுட்டிக் காட்டியது.

பருவத்தோடு இடத்தையும் அவர்கள் அறிந்து வந்தனர். புற்றில் முளைப்பது உணவு என்பதே அவ்வறிவின் சாரம். கறையானையும் காளானையும் ஒருங்கே காணும் கண் தமிழருக்கு மிகப் பழையது. சங்க நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, வறிய பாணன் ஒருவனது அடுக்களையைக் காட்டுமிடத்து, சிதல் அரித்த பழஞ்சுவரின் புழுதியிலே காளாம்பி பூத்திருந்ததைச் சொல்கிறது. அது எவ்வகைக் காளான் என்று இன்று துணிவதற்கில்லை. ஆயினும் வறுமையையும் கறையானையும் காளானையும் ஒரே சுவரில் வைத்துப் பார்த்த புலவரின் கூர்மை வியக்கத்தக்கது.

ஐரோப்பிய விஞ்ஞானம் இதனைக் கவனிப்பதற்கு நெடுங்காலம் சென்றது. தரங்கம்பாடியில் தேனிய மிஷனுக்கு மருத்துவராக வந்த யொஹான் கோனிக் என்பவர், தஞ்சைச் சீமையில் புற்றுகளைத் திறந்து பார்த்து, உள்ளே பூஞ்சணம் வளர்வதை 1779இல் எழுதினார். இலங்கையில் இவ்வரலாறு பேராதனைத் தாவரத் தோட்டத்திலே தொடங்குகிறது. 1844 முதல் அத்தோட்டத்தின் பொறுப்பாளராயிருந்த ஜோர்ஜ் கார்ட்னர், தாம் திரட்டிய காளான்களை உலர்த்தி இங்கிலாந்திற்கு அனுப்பினார். அங்கே ஒரு கிராமத்துத் திருச்சபைக் குருவாயிருந்துகொண்டே பூஞ்சண ஆராய்ச்சியிற் பெயர் பெற்ற பார்க்லி அவற்றை ஆராய்ந்து, 1847இல் ஒன்றிற்கு 'நல்ல வேருடையது' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். காளானுக்கு வேர் கிடையாது. ஆயினும் உலர்ந்து வந்த அத்தண்டின் அடியில் வேர்போல் நீண்ட ஏதோ ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அது எங்கே சென்று முடிகிறது என்பதை அவர் கண்டாரல்லர். கார்ட்னரோ 1849இல் நுவரெலியாவில் திடீரென மறைந்தார்.

அவருக்குப் பின் வந்த துவெயிட்ஸ் பேராதனையிலிருந்து மேலும் பல நூறு பூஞ்சணங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். 1869இல் அனுப்பியது காளான் அன்று, நோயுற்ற கோப்பி இலை. அதன் அடிப்புறத்துச் செம்மஞ்சட் பொடிக்குப் பார்க்லி இட்ட பெயரில் 'பாழ்படுத்துவது' என்ற பொருள் அமைந்திருந்தது. பெயருக்கேற்ப, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது; மலைச்சரிவெங்கும் தேயிலை எழுந்தது. அதுமுதல் அரசினரும் துரைமாரும் பூஞ்சணத்தைப் பயிரின் பகையாகவே கருதினர். லயத்து அடுப்பில் வேகும் காளானை நோக்க எவருக்கும் அவசரம் இல்லை.

இந்நிலையிலேதான் 1905இல் தோமஸ் பெட்ச் என்னும் ஆங்கிலேயர் அரசாங்கப் பூஞ்சணவியலாராகப் பேராதனைக்கு வந்தார். தேயிலைச் செடியின் நோய்கள் பற்றிய நூலை எழுதியவரும், 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளரும் அவரே. அவர் 1906இல் வெளியிட்ட நீண்ட ஆராய்ச்சியொன்று தேயிலையைப் பற்றியதன்று. கறையான் புற்றுக்குள் வளரும் பூஞ்சணத்தைப் பற்றியது.

கறையான் காய்ந்த இலை, கட்டை முதலியவற்றை அரித்துத் தின்று, அக்கழிவினால் கடற்பஞ்சு போன்ற கூடொன்றை நிலத்தடியிலே கட்டுகிறது. அதன்மேல் குண்டூசித் தலையளவான வெண்மணிகள் தோன்றுகின்றன. அவை ஒரு பூஞ்சணத்தின் விளைவு; கறையானுக்கு உணவு. மழைக்காலத்தில் அக்கூட்டிலிருந்தே ஒரு தண்டு கிளம்பி, மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலேறி, வெளியே குடையாக விரிகிறது. பார்க்லி பெயரிட்ட 'வேர்' இதுவே. பிற்காலத்தில், 1942இல், பிரெஞ்சு அறிஞர் ரொஜர் ஹெய்ம் இவ்வினத்தைத் தனியே பிரித்து, கறையானின் பெயரை உள்ளடக்கிய 'டெர்மிடோமைசிஸ்' என்னும் பெயரை இட்டார்.

புற்றுக்காளானை உறுதி செய்யும் முதன்மையான சாட்சி, ஆகவே, மண்ணுக்குள்ளே இருக்கிறது. குடையைப் பிடித்து இழுத்தால் தண்டு இடையில் அறுந்துவிடும். பக்கத்தில் மெல்லத் தோண்டி, வேர்போல் ஒடுங்கிச் செல்லும் தண்டைக் கறையான் கூடுவரை தொடர்ந்து காணவேண்டும்.

விந்தை என்னவெனில், பகையின் அடையாளமும் அங்கேயே புதைந்து கிடக்கிறது. உலகில் காளானால் நேரும் மரணங்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமானிட்டா இனத்துக் கொடிய வகைகளுக்குத் தண்டின் அடியிலே பை போன்றதோர் உறை உண்டு. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள் காளானையும் மேலே கிள்ளி எடுத்தால், நண்பனின் வேரும் பகைவனின் உறையும் ஒன்றுபோல மண்ணிலே தங்கிவிடும். கூடைக்கு வந்து சேர்வது வெள்ளைக் குடை மட்டுமே.

மலைநாட்டில் இன்னுமொரு இடர்ப்பாடு உண்டு. பூஞ்சணம் வளர்க்கும் கறையானின் புற்றுகள் பேராதனை போன்ற தாழ்ந்த பகுதிகளில் காணப்படுமளவுக்கு, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவின் குளிரிலே காணப்படுவதில்லை. தேயிலைச் செடியின் உயிருள்ள தண்டைத் துளைத்து வாழும் கறையானோ வேறு குலம். அது காளான் பயிரிடுவதில்லை. 'கறையான் உள்ள இடம், ஆகவே நல்ல காளான்' என்ற கணக்கு இங்கே பிழைத்துப்போகும். மேலும், மலைச்சரிவுகளில் நடப்பட்ட பைன் முதலிய வெளிநாட்டு மரங்கள் தம் வேரோடு கூடி வாழும் பூஞ்சணங்களின்றிச் செழிப்பதில்லை. கொடிய அமானிட்டாக்களிற் பலவும் அவ்வாறு மரவேர்களோடு கூடி வாழ்வனவே. புதுமரம் வந்த இடத்திற்கு, பாட்டனார் கண்டிராத காளானும் வந்து சேரக்கூடும்.

பிறந்த மண்ணிற் கற்ற அடையாளம் புகுந்த மண்ணில் ஏமாற்றிய கதை இலங்கைக்கு வெளியேயும் உண்டு. கலிபோர்னியாவில் குடியேறிய தென்கிழக்காசிய மக்களிற் சிலர், தம் நாட்டில் உண்ட வைக்கோற் காளான் என்று எண்ணி அமானிட்டாவைச் சமைத்து நஞ்சுண்டனர். இரண்டும் இளமையில் முட்டை வடிவாயிருப்பவை. இன்னும் அண்மையில், 2022 ஏப்ரலில், அசாமின் மேற்பகுதி மாவட்டங்களிலே காட்டுக் காளானை உண்டு 13 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

லயங்களிலும் கிராமங்களிலும் வழங்கும் சோதனைகள் சில உள. வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு. கூட இட்ட அரிசி நிறம் மாறினால் நஞ்சு. புழு அரித்திருந்தால் நல்லது என்பர். இவற்றுள் ஒன்றேனும் நம்பத்தக்கதன்று. அமானிட்டாவின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்யாது. மனிதனைக் கொல்லும் காளானைப் புழு சுகமாய்த் தின்னும். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அந்நஞ்சு அழிவதில்லை. இவற்றினும் பயனுள்ளது, விரிந்த குடையை வெள்ளைத் தாளிலும் கருந்தாளிலும் பாதி பாதியாகக் கவிழ்த்து ஓரிரவு வைப்பது. புற்றுக்காளானின் பொடி இளஞ்சிவப்பு; அமானிட்டாவினது வெள்ளை; புல்வெளிகளில் முளைத்துக் கடும் வாந்தியை உண்டாக்கும் ஒருவகைப் பெருங்குடைக் காளானினது பச்சை. ஆயினும் பொடியின் நிறம் ஐயத்தைத் தோற்றுவிக்கவே உதவும். அது மட்டும் கொண்டு உண்ணத் துணிதல் கூடாது. நச்சுக் காளான்களிலும் இளஞ்சிவப்புப் பொடியுடையவை உண்டு.

அமானிட்டா நஞ்சின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. உண்டவருக்கு ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை எதுவும் தெரியாது. பின்னர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாகக் கண்டு, அடுத்த நாள் தணிந்ததுபோல் தோன்றும். தணிந்ததென்று எண்ணி வேலைக்குப் போகிறவரும் உண்டு. அந்த இடைவேளையிலேதான் ஈரல் அழிந்துகொண்டிருக்கிறது. ஆகையால் காளான் உண்டபின் வாந்தி கண்டவர், நலமடைந்ததாகத் தோன்றினாலும், வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஒரே பானையில் உண்ட மற்றையோரும் உடன் செல்லவேண்டும். மருத்துவர் ஆலோசனை கேட்பதற்குக் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நஞ்சுகள் பற்றிய தேசிய தகவல் நிலையம் உண்டு. சமைக்காது எஞ்சிய காளான் இருந்தால், அதனை அடித்தண்டோடு தாளிற் சுற்றி எடுத்துச் செல்வது நல்லது. பொலித்தீன் பையில் அது விரைவில் அழுகிவிடும்.