ஸ்பினோஸா: விலக்கத்திற்குப் பிறகு

1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாமின் போர்த்துகீசிய யூதர்கள் தங்கள் ஜெப ஆலயத்தில் 23 வயது வியாபாரி ஒருவனைச் சபித்து விலக்கினார்கள். யாரும் அவனோடு பேசலாகாது, நான்கு முழ தூரத்துக்குள் நிற்கலாகாது, அவன் எழுதியதைப் படிக்கலாகாது. அவனோ அதுவரை எதையும் வெளியிட்டிருக்கவில்லை. அவன் குற்றங்கள் இன்னவை என்று சாபமும் விவரிக்கவில்லை.

விலக்கியவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லி முடித்துவிடுவதற்கில்லை. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பலவந்தமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்டு, தலைமுறைகள் கழித்துத் தங்கள் மதத்திற்குத் திரும்பியவர்களின் சமூகம் அது. இழந்து மீட்ட அடையாளம் என்பதாலேயே அதில் ஒரு விரிசலையும் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

விலக்கப்பட்டவனுக்கு வழக்கமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மன்னிப்புக் கேட்டுத் திரும்புவது. யூரியல் ட கோஸ்டா அப்படித் திரும்பி, ஆலயத்தில் சவுக்கடி பட்டு, 1640இல் தற்கொலை செய்துகொண்டார். இன்னொன்று, ஞானஸ்நானம் பெற்று எதிர் முகாமில் சேர்வது. ஸ்பினோஸா இரண்டையும் செய்யவில்லை. பிரார்த்தனையில் பரூக், வீட்டில் பென்டோ என்றிருந்த பெயரை லத்தீனில் பெனடிக்டஸ் ஆக்கிக்கொண்டார். மூன்றுக்கும் 'ஆசீர்வதிக்கப்பட்டவன்' என்றே பொருள். மாறியது மொழி மட்டுமே. கண்ணாடி வில்லைகள் தீட்டினார். எந்தச் சபையிலும் சேரவில்லை.

1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. நிலைபெற்ற மதத்தைக் குலைக்கமாட்டார் என்ற நம்பிக்கையோடு சிந்தனைச் சுதந்திரமும் வாக்களிக்கப்பட்டது. அந்தச் சுதந்திரத்தின் எல்லை எதுவென்று தனக்குத் தெரியவில்லை என்று எழுதி அவர் மறுத்துவிட்டார். இம்முறை விலக்கியது அவர்.

இதை வீரகாதையாக்கிவிடக் கூடாது. 1670இல் வந்த அவரது நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. 'எதிக்ஸ்' 1677இல், அவர் இறந்தபிறகே, வெறும் முதலெழுத்துக்களோடு அச்சாயிற்று. டச்சு மொழியில் பகிரங்கமாக எழுதிய நண்பர் கோர்பாக் 1669இல் சிறையிலேயே செத்தார். ஸ்பினோஸாவின் எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. தன்னை வரையறுத்துக்கொண்டவர் இவ்விரு நூல்களின் அட்டையிலும் தன் பெயரைக் காணாமலே போனார்.

நம்மிடையே எதிர்ப்பாளன் ஒரு குழுவை விட்டு மறுநாளே வேறொரு குழுவின் பதாகையைத் தூக்குகிறான். அதைச் சுயம் என்கிறோம். ஸ்பினோஸா ஏறத்தாழ 21 ஆண்டுகள் எந்தக் குழுவின் நிழலிலும் ஒதுங்கவில்லை. 2015இல் ஆம்ஸ்டர்டாமில் அந்தச் சாபத்தை நீக்குவது பற்றி விவாதித்தார்கள், நீக்கவில்லை. அவர் அதை எந்நாளும் கேட்டவருமில்லை.