மௌனத்தில் கேட்கும் குரல்: காணிப்பாக்கத்திலிருந்து குளித்தலை வரை

காணிப்பாக்கத்து விநாயகரைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சித்தூரிலிருந்து அரை மணி நேரத்துப் பயணம். ஊர்ப்பெயரே நம் தமிழ்: காணி என்றால் நில உரிமை, பாக்கம் என்றால் ஊர். முதலாம் குலோத்துங்க சோழன் எழுப்பிய கோயில் என்பது வழிவழியாக வரும் பேச்சு. தலபுராணமும் தெரிந்ததுதான். மூன்று சகோதரர்கள், ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. கிணற்றைத் தூர்வாரும்போது மண்வெட்டி கல்லில் பட்டு ரத்தம் பீறிட, மூவரின் குறையும் நீங்கியது என்பார்கள். இன்றும் வழக்கு வம்பு என்றால், "காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்றியா?" என்று கேட்டாலே பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பேச்சு வந்ததுதான் இங்கே வரம். ஆனால் பேச்சு போனதே வரமான கதை ஒன்று கிறிஸ்தவ வேதத்தில் இருக்கிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் சகரியா என்று ஒரு கிழட்டு ஆசாரியர் வருகிறார். உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் சொன்னதை அவர் நம்பவில்லை. அந்தக் கணமே வாய் அடைத்துப்போகிறது. பிள்ளை பிறந்து, பலகையில் பெயரை எழுதிக் காட்டிய பிறகுதான் நாக்கு அவிழ்கிறது. தண்டனை என்றே பொதுவாகப் பிரசங்கம் செய்வார்கள். நான் கிறிஸ்தவன் அல்ல, சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எனக்கென்னவோ அந்த மாதங்கள் தண்டனையாகத் தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் மந்திரம் சொல்லிய வாய்க்குக் கிடைத்த ஓய்வு என்றே தோன்றுகிறது.

இதைவிடப் பழைய கதை எலியா தீர்க்கதரிசியுடையது. ஓரேப் மலைக் குகையில் அவர் ஒளிந்திருக்கிறார். பெருங்காற்று வருகிறது, பூமி அதிர்கிறது, நெருப்பு எழுகிறது. எதிலும் கடவுள் இல்லை. எல்லாம் அடங்கிய பிறகு ஒரு மெல்லிய ஒலி. எபிரேய மூலத்தில் அங்கே வரும் 'தெமாமா' என்ற சொல்லுக்கு நிசப்தம் என்றே பொருள் கொள்ளலாம். கேட்கும் நிசப்தம்! தட்சிணாமூர்த்தி ஆலமரத்தடியில் பேசாமலே நால்வருக்கும் உபதேசித்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகவா படும்?

எகிப்தின் பாலைவனத்துக்கு மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் ஒதுங்கிய அந்தோனியார் முதலான துறவிகள் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். கிரேக்கத் திருச்சபையில் இதற்கு 'ஹெசிக்கியா', அதாவது அசைவற்ற அமைதி, என்று பெயர். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய குவேக்கர்கள் பாதிரியாரே இல்லாமல், ஆண்டவர் தூண்டும்வரை வாய்திறக்காமல் கூடி உட்கார்ந்தார்கள். ஆனால் நம் தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்த கிறிஸ்தவம் பெரும்பாலும் பாடுகிற கிறிஸ்தவம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை என்று பெரிய பாட்டு வரிசையே உண்டு. அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மைக் செட் வந்தபிறகு கோயிலானாலும் சர்ச்சானாலும் ஓய்ந்த நேரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்றே, அதுதான் வருத்தம்.

மௌனத்தைத் தேடிய கிறிஸ்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் நம்ம சித்தூர்தான் என்பது இளையவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமம் எழுந்தது. நிறுவியவர்கள் இரண்டு டாக்டர்கள்: தமிழரான ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். கதர் வேட்டி, எளிய சாப்பாடு, ஏழைகளுக்கு வைத்தியம், கோபுரத்துடன் ஒரு ஜெபாலயம். சின்னண்ணன் 1932-ல் அந்நியத் துணி மறியல் நடந்த சமயத்தில் சென்னையில் வெள்ளைக்காரப் போலீசாரிடமே அடிபட்டவர். அமைதி என்றால் ஊர் விஷயத்தில் வாயை மூடிக்கொள்வது என்று அவர் நினைக்கவில்லை.

இதைவிடக் கடினமான பாதை காவிரிக் கரையில் போனது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளி என்ற ஊரில், ஒரு மாந்தோப்பில், 1950 மார்ச் 21 அன்று இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். மூத்தவர் ஜூல் மொன்ஷானின்; 1939-ல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டக் கிராமங்களில் பல வருஷம் பணி செய்தவர். இளையவர் ஆன்ரி லெ சோ, 1948-ல் வந்த பெனடிக்ட் சபைத் துறவி. இடத்துக்குச் சச்சிதானந்த ஆசிரமம், சாந்திவனம் என்று பெயர். இருவரும் காவி உடுத்தினார்கள், மரக்கறி உண்டார்கள், தரையில் படுத்தார்கள். லெ சோ பின்னர் அபிஷிக்தானந்தர் என்றே அறியப்பட்டார்.

அதற்கு முந்தின ஆண்டு, 1949 ஜனவரியில், இருவரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியைப் பார்த்திருந்தார்கள். முதல் பார்வையில் லெ சோவுக்கு ஏமாற்றம். சுற்றியிருந்த பக்தர்களின் பரபரப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரமத்தில் இருந்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர், நீங்கள் மூட்டை முடிச்சோடு வந்திருக்கிறீர்கள், வெறுமையாக உட்காருங்கள் என்கிற பொருளில் சொன்னாராம். பிறகு ஜுரம் வந்து படுத்தார். ஜுர மயக்கத்தில்தான் ரமணரின் மௌனம் உள்ளே இறங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்துவிட்டார். ஆனாலும் லெ சோ அருணாசல மலைக் குகைகளில் தங்குவதற்குத் திரும்பத் திரும்ப வந்தார். திருக்கோவிலூர் ஞானானந்த சுவாமிகளிடம் சீடரைப்போல் உட்கார்ந்தார். 1956-ல் கும்பகோணத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் வெளியாள் முகம் பார்க்காமல் மௌனம் காத்தார்.

இங்கேதான் சிக்கல். மௌனத்தில் ஆழ்ந்தால் கேட்பவரும் பேசுபவரும் ஒன்றாகிவிடுகிறார்கள் என்கிறது அத்வைதம். கிறிஸ்தவ ஜெபமோ மகன் தந்தையோடு பேசுவது. அன்பு செய்ய இருவர் வேண்டுமே என்பது மொன்ஷானினின் கவலை (இது என் வாசகம், அவருடையது அல்ல). ஒரே தோப்பில் இருந்த நண்பர்கள் மனத்தால் விலகினார்கள். ஆசிரமத்தில் ஆட்களும் நிலைக்கவில்லை. லெ சோ காலை எழுந்து பூசை வைப்பார், உபநிடதமும் வாசிப்பார், இரண்டில் ஒன்றை விட அவரால் முடியவில்லை. அவர் நாட்குறிப்பில் அந்தத் தவிப்பு வருஷக்கணக்காக ஓடுகிறது. வசதியாக ஒரு சமரசம் செய்துகொண்டு பிரசங்கி ஆகியிருக்கலாம். செய்யவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை.

மொன்ஷானின் 1957-ல் சிகிச்சைக்குப் பாரிஸ் போய் அங்கேயே காலமானார். 1968-ல் லெ சோ இமயமலை உத்தரகாசிக்குப் போக, சாந்திவனத்தை ஆங்கிலேயரான பீட் கிரிஃபித்ஸ் ஏற்று வளர்த்தார். சிலுவையின் நடுவே ஓம் எழுத்து இருந்ததைக் கண்டு இரு பக்கமும் கோபம் வந்தது. இந்துமதம் கலந்துவிட்டது என்று சில கிறிஸ்தவர்கள். இது மதமாற்றத்துக்குப் போட்ட காவி என்று சில இந்துக்கள். சீதாராம் கோயல் 1988-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். இரண்டாவது சந்தேகத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. பாதிரியார்கள் காவி கட்டிய கதை ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் ஆள் சேர்க்க வந்தவர் மலைக்குகையில் வாய்மூடி உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

1973 ஜூலையில் ரிஷிகேஷ் கடைத்தெருவில் பஸ் பிடிக்க ஓடும்போது லெ சோவுக்கு மாரடைப்பு வந்தது. நடைபாதையில் விழுந்து கிடந்த அந்த நேரத்தில் தேடியது கிடைத்துவிட்டது என்று பிறகு நண்பர்களுக்கு எழுதினார். குகையில் இருபது வருஷம் தேடியது, ஹாரன் சத்தமும் கூட்டமும் நிறைந்த கடைவீதியில்! அந்த டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார். அவரது எலும்புகளைப் பின்னாளில் சாந்திவனத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1993-ல் மறைந்த பீட் கிரிஃபித்ஸின் சமாதியும் அங்கேதான்.

திருச்சியிலிருந்து கரூர் போகிற வழியில் குளித்தலை. கோடை விடுமுறையில் ஸ்ரீரங்கம் போகிற நம் குடும்பங்கள் ஒரு மாலை அங்கே போய்வரலாம். சூரியன் சாயும் வேளையில் தியானத்துக்கு உட்காருவது அந்த ஆசிரமத்து வழக்கம். பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் செல்போனை அணைக்கச் சொல்லுங்கள்.