காற்றில் தொங்கவிட்ட கண்ணாடி

காபி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. விரலால் தடவினால் மஞ்சள்பொடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். 1869-இல் இலங்கையின் மதுல்சீமைப் பக்கம் அது கண்ணில் பட்டது. பேராதனைத் தாவரவியல் தோட்ட இயக்குநர் த்வைட்ஸ் மாதிரி இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சை அறிஞர் பெர்க்லி அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். பின்பாதிக்கு லத்தீனில் 'நாசம் செய்பவள்' என்று அர்த்தம்.

பெயர் வைத்தாச்சு. ஆனால் காபிக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்ததால், விளைச்சல் குறைந்தும் துரைமார் காட்டை அழித்துக் காபியே நட்டார்கள்.

1880-இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் வந்து சேர்ந்தார். கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவித் தோட்டத்துக் காற்றில் வைத்தார். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், துருநோயின் வித்துகள் ஒட்டியிருந்தன. இலையில் ஒரு துளி ஈரம் கிடைத்தால் போதும், வித்து முளைத்து இலைத்துளை வழியாக உள்ளே போய்விடும் என்பதையும் காட்டினார். பொட்டு தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இலை பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

இன்றைய பயோசென்சர்கள் பிடிக்க நினைப்பது இந்த இடைவெளியைத்தான். 1977-இல் கிளார்க்கும் ஆடம்ஸும் எலைசா முறையைத் தாவர வைரஸ்களுக்குக் கொண்டுவந்தார்கள்: குறிப்பிட்ட வைரஸை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள், பிடித்ததும் நிறம் மாறும் திரவம். பயோசென்சரில் அதே எதிர்ப்பொருளையோ ஒரு டிஎன்ஏ இழையையோ மின்முனையில் ஒட்டுகிறார்கள். நோய்க்கிருமியின் மூலக்கூறு வந்து ஒட்டினால் மின்சைகை மாறும். சர்க்கரை பார்க்கும் கருவியும் இந்தக் குடும்பம்தான்.

சரி, முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு. அப்புறம்?

வார்டு சிக்கிய இடம் இதுதான். நோய் வரும் வழி அவருக்குத் தெரியும். தடுக்க மருந்து கையில் இல்லை. போர்டோ கலவை பிரான்சில் பேர்பெற்றது 1885 வாக்கில். மலைக்கு மலை ஒரே பயிர் என்பதால் காற்றுக்கும் தடை இல்லை. 1884-இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி சாய்ந்தது. காபி இருந்த சரிவுகளில் தேயிலை ஏறியது.

அந்த மாற்றத்தின் சுமை தமிழ்நாட்டிலிருந்து போன கூலிக் குடும்பங்கள் மேல் விழுந்தது. காபிக்கு அறுவடைக்காலம் உண்டு. பலர் போவார்கள், பறிப்பார்கள், ஊர் திரும்புவார்கள். தேயிலையோ வருஷம் முழுக்கக் கொழுந்து விடும். ஆகவே குடும்பத்தோடு லயத்தில் தங்கிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்களில் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

பயோசென்சர் பற்றிய செய்திகளில் 'எத்தனை நாள் முன்னதாகக் கண்டுபிடிக்கும்' என்ற கணக்கு தவறாமல் வரும். நல்ல கணக்குதான். கூடவே இன்னும் இரண்டைக் கேட்கணும்: அந்த நாட்களில் விவசாயி செய்யக்கூடியது என்ன? செடியைப் பிடுங்கச் சொன்னால், நஷ்டம் யார் தலையில்?