புல்லட்டின் முன்போர்க்கும் அங்குல மரையும்

பழைய புல்லட்டைத் தூசி தட்டி ஓட்டும் ஆசை நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மறுபடியும் வந்திருக்கிறது. தாத்தா ஓட்டிய வண்டி, மாமா விட்டுப்போன வண்டி என்று கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து வருகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்போர்க்கைக் கழற்றி மாட்டும்போது ஓர் இடத்தில் வேலை நின்றுவிடுகிறது. போர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட் ஓட்டைக்கு நேராக வருவதில்லை. அல்லது இரண்டு மூன்று சுற்று உள்ளே போய் முரண்டு பிடிக்கிறது. உடனே ஸ்பேனரில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி முறுக்குகிறார்கள். மரை போய்விடுகிறது, இல்லாவிட்டால் கிளாம்பின் காது விரிசல் விடுகிறது.

இது ஏன் நடக்கிறது என்று புரிய வேண்டுமானால், அந்தப் போல்ட் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்றொரு ஊர். தையல் ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர் போன ஊர் அது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி சைக்கிள் செய்ய இறங்கியது. என்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்ததால், தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்ட் என்று பெயர் வைத்துக்கொண்டது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. ஆக, சைக்கிள் காலத்து மரை, பொது இயந்திரங்களுக்கான மரை என்று எல்லாமே அந்த வண்டிக்குள் சேர்ந்துவிட்டன.

மரைக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தவர் ஜோசப் விட்வொர்த். அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. 1841இல் விட்வொர்த் ஓர் அளவுமுறையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. இந்தக் கனத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று கணக்கு. ரயில்வேக்களும் தொழிற்சாலைகளும் அதை ஏற்றுக்கொண்டன. அதே கோணத்தில் இன்னும் நெருக்கமாக வெட்டிய மரை 1908இல் வந்தது; பி.எஸ்.எஃப். என்பார்கள். சைக்கிள் மரை தனி இனம். அதற்குக் கோணம் 60 டிகிரி.

இந்த அங்குலமெல்லாம் ரெட்டிச்சிலிருந்து நேரே நம் திருவொற்றியூருக்கு வந்தன. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளை வாங்கியது. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியையும் இங்கேயே செய்யும் நிலை வந்துவிட்டது. இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது; 1970இல் அங்கே ராயல் என்ஃபீல்ட் வண்டி செய்வதே நின்றுபோனது. தாய்வீடு பூட்டிக் கிடக்க, மகள் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இதே சமயத்தில் நம் நாடு அங்குலத்தை விட்டு மீட்டருக்கு மாறியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1956இல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து கிலோ வந்தது. சேரும் வீசையும் கடையை விட்டுப் போயின. ஆனால் புல்லட் தன் அங்குலத்தை விடவில்லை, ஏனென்றால் அச்சும் கருவியும் பழையவை. நாடு மில்லிமீட்டருக்குப் போன பிறகும் பல ஆண்டுகள் அந்த வண்டியின் போல்ட்டுகள் விட்வொர்த் கணக்கில்தான் வந்தன. பின்னாளைய வண்டிகளில் மில்லிமீட்டர் போல்ட்டும் நுழைந்தபோது குழப்பம் இரட்டிப்பானது.

நம்மூருக்கு இந்த அங்குலம் புதிதில்லை. 1925இல் தொடங்கி 1934இல் திறந்த நம் அணையே அடிக்கணக்கில் கட்டியதுதான். இன்றைக்கும் நீர்மட்டம் 120 அடி என்றுதானே பேசுகிறோம்! அணையை ஒட்டி மின்நிலையம், கெமிக்கல்ஸ், பிறகு அலுமினியம் என்று தொழிற்சாலைகள் வந்தன. அங்கே வேலை பார்த்தவர்களின் டூல் பெட்டியில் அங்குல ஸ்பேனர் ஒரு செட், மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒரு செட் என்று இரண்டும் இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 5/16 அங்குல போல்ட் என்றால் 7.94 மில்லிமீட்டர் கனம். கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 5/16 பி.எஸ்.எஃப்.பில் அங்குலத்துக்கு 22 மரை. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் ஏறக்குறைய 1.15 மில்லிமீட்டர். சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டில் அது 1.25. சுற்றுக்கு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விலகல். ஐந்து சுற்றில் அரை மில்லிமீட்டர். அதனால்தான் முதல் இரண்டு சுற்று ஒழுங்காகப் போய்விட்டு அப்புறம் பிடித்துக்கொள்கிறது. ஸ்பேனரும் அப்படித்தான். அந்தப் பழைய போல்ட்டின் தலை 13.3 மில்லிமீட்டர். 13ஆம் நம்பர் ஸ்பேனர் நுழையாது. 14 நுழையும், ஆனால் தலையை உருட்டி மழுக்கிவிடும்.

போல்ட் சரியான இனமாக இருந்தும் நேராக வரவில்லை என்றால், குற்றம் போர்க்கில் இருக்கிறது. புல்லட்டில் குழாயின் மேல்முனை, ஹெட்லைட்டைத் தாங்கும் அந்த அலுமினியத் தலைக்குள் மரையாக ஏறி உட்காரும். கீழே கிளாம்ப் அதைப் பிடிக்கும். அதற்கும் கீழே சக்கரத்தின் அச்சை இரண்டு மூடிகள் பிடிக்கும். இந்த மூன்று இடமும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் குழாய் சும்மா ஏறி இறங்கும். வண்டி ஒருமுறை விழுந்திருந்தாலே போதும், கிளாம்ப் முறுக்கிக்கொள்ளும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருந்த பெரிய ஃபிட்டர் ஒருவர் சொல்வார்: "போல்ட்டு புடிச்சு நிறுத்தறதுக்குத்தான் தம்பி. கோணலை இழுத்துட்டு வர்றதுக்கு இல்ல." எந்த போல்ட்டையும் கையாலேயே பாதிக்கு மேல் திருகிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார்.

புல்லட் போர்க்குக்கும் முறை அதுதான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுங்கள். கீழ்க் கிளாம்ப், அச்சு மூடி, மட்கார்டு கம்பி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். குழாய் வளைந்திருக்கிறதா என்று கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் மேலே போகாதீர்கள். நேராக இருந்தால் குழாயை மேலே முழுவதும் ஏற்றி உட்கார வையுங்கள். சக்கரத்தை மாட்டி, அச்சின் ஒரு பக்க மூடியை மட்டும் இறுக்குங்கள். வண்டியைக் கீழே இறக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். இரண்டு கால்களும் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுகொள்ளும். அப்போது கிளாம்ப் ஓட்டையும் நேராக வந்து, போல்ட் விரலாலேயே ஏறும். பிறகு மற்ற மூடியையும் கிளாம்பையும் இறுக்கலாம். மரையில் துரு இருந்தால் அதே இனத்து டேப்பை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பெரிய ஓட்டை போட்டுப் பெரிய போல்ட் மாட்டாதீர்கள். காதில் இருக்கும் கொஞ்ச இரும்பும் போய்விடும். முன்சக்கரம் முழுவதும் இந்தப் பிடியில்தான் நிற்கிறது. மாதேஸ்வரன் மலையிலிருந்து இறங்கும்போது அது விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற நம் ஆட்கள் பலர் வீட்டுப் பரணில் 1/4, 5/16, 3/8 என்று பொறித்த பழைய ஸ்பேனர்களும், விட்வொர்த் டேப் செட்டும் சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. பேரீச்சம்பழத்துக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துத் தெருவில் புல்லட் பூட்டிக்கொண்டிருக்கும் ஒரு பையனிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எந்த ஸ்பேனர் எந்த மரைக்கு என்று சொல்லியும் கொடுங்கள்.