யவனர் தேறலும் இத்தாலிய வெண்மதுவும்

யவனர் நற்கலங்களில் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் பருகி மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் காண்கிறோம். அம்மதுவின் நிறத்தைப் புலவர் கூறவில்லை. தண்மையையும் மணத்தையுமே கூறுகிறார். வகுப்பில் இப்பாடலைக் கேட்கும் மாணவரின் மனக்கண்ணில் தோன்றுவதோ பெரும்பாலும் செந்நிற மதுவே. ஆனால், அக்கால இத்தாலியர் தலைசிறந்ததாகப் போற்றிய ஃபலேர்னியம் ஒரு வெண்மதுவாகும்.

திராட்சையின் நிறம் அதன் தோலில் உள்ளது. பிழிந்த சாற்றைத் தோலினின்று பிரித்துப் புளிக்கவைத்தால் கிடைப்பது வெண்மது. வெண்மை என்பது பெயரளவில்தான். இளமையில் வைக்கோல் நிறமும் முதுமையில் பொன்னிறமும் கொள்ளும். கம்பானியாவின் வடபால் மாசிகோ மலைச்சரிவில் விளைந்த ஃபலேர்னியத்தை 15, 20 ஆண்டுகள் வைத்திருந்து பருகினர். கி.மு. 121ஆம் ஆண்டின் விளைச்சல் பெரும்புகழ் பெற்றது. அவ்வாண்டு மதுவில் எஞ்சியது, ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழிந்து தம் காலத்தில் கசப்புத் தேன்போல் இறுகிவிட்டதெனப் பிளினி எழுதியுள்ளார்.

முசிறித் துறைக்கு மது வந்ததைப் பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் குறிக்கிறது. அரிக்கமேட்டிலும் கேரளத்துப் பட்டணத்திலும் கிடைத்த சாடிச் சில்லுகள் சிலவற்றில், வெசூவியஸ் எரிமலை வட்டாரத்துக் கருமணல் கலந்திருக்கிறது. கிரேக்கத் தீவாகிய கோஸ் நாட்டுச் சாடிகளும் அரிக்கமேட்டில் உள. எனவே யவனர் தேறல் யாவும் இத்தாலியது எனல் பிழை. சாடிகளின் உட்புறம் பிசின் பூசுவது வழக்கமாதலால், புலவர் நுகர்ந்த மணத்தில் பிசினுக்கும் பங்கிருந்திருக்கலாம்.

ரோமப் பேரரசுக்குப் பின் ஃபலேர்னியத்தின் புகழ் மங்கிற்று. வேறு வெண்மதுக்கள் பெயர்பெற்றன. தஸ்கனியின் சான் ஜிமிஞ்ஞானோ நகர ஆவணங்களில் வெர்னாச்சா என்னும் வெண்மது 1276இலேயே இடம்பெறுகிறது. வெர்னாச்சாவையும் விலாங்கு மீனையும் விரும்பியுண்ட போப்பாண்டவர் நான்காம் மார்ட்டின், அதற்காக நோன்பிருந்து கழுவாய் தேடுவதாகத் தாந்தே பாடியுள்ளார். பெருந்தீனியைக் கண்டித்த கவிஞரே அம்மதுவுக்கு அழியாப் புகழ் தேடித்தந்தது வேடிக்கைதான்! பிறப்பிடத்தின் பெயரைக் காக்க 1963இல் இத்தாலி சட்டம் இயற்றியது. 1966இல் அதன்படி முதல் ஏற்பைப் பெற்றதும் இவ்வெண்மதுவே.

எனினும் இன்றைய கவர்ச்சிக்குச் சட்டத்தைவிடக் குளிரே பெருங்காரணம் என்பேன். சாறு புளிக்கும்போது வெப்பம் எழும். இத்தாலியின் வெயிலில் அது மிகுந்து நறுமணத்தைப் போக்கிவிடும். 1960களுக்குப் பின் எஃகுத் தொட்டிகளைக் குளிர்வித்துப் புளிக்கவைக்கும் முறை பரவியது. அதனால் மலர்மணமும் பழமணமும் தங்கின. முன்னோர் மூப்பில் சுவை கண்டனர். இன்றோ பெரும்பாலான வெண்மதுக்களை இளமையிலேயே குளிரவைத்துப் பருகுகின்றனர்.

வெசூவியஸுக்குக் கிழக்கே, அவெல்லீனோ மலைப்பகுதியில் ஃபியானோ என்னும் வெண்திராட்சை இன்றும் விளைகிறது. தேனீக்கள் விரும்பி மொய்ப்பதாகப் பிளினி குறித்த பழந்திராட்சையே இது என்பர் அவ்வூரார். அதன் மதுவில் தேன்மணம் உண்டு. நம் மொழியில் தேறல் என்னும் சொல்லுக்குத் தேன் என்றும் பொருளுண்டு.