மாதர் கையில் மிதிவண்டி

பெண்ணின் பெருமையைப் பேசாத மேடை நம்மிடையே இல்லை. ஆனால் அந்தப் பெண் தனியே மூன்று மைல் தூரம் அச்சமின்றிப் போய் வர முடியுமா என்று கேட்டால், மேடை மௌனமாகி விடுகிறது. அடிப்பதும் கையைப் பிடித்து இழுப்பதும் மட்டுமே வன்முறை அன்று. அவை நேரக்கூடும் என்ற அச்சத்தாலேயே ஒரு பெண்ணை வீட்டுக்குள் நிறுத்தி வைப்பதும், எங்கே போவதானாலும் ஓர் ஆடவனின் தயவை நாடச் செய்வதும் அவ்வன்முறையின் நிழலே. இந்த நிழலை விலக்க இயந்திரம் உதவுமா? உதவும் என்பதற்கும், எப்போது உதவும் என்பதற்கும் மிதிவண்டியின் வரலாறு நல்ல சான்று.

சக்கரம் பிறந்த கதை

ஒரு காலத்தில் மிதிவண்டியின் முன்சக்கரம் ஏறக்குறைய ஐந்தடி உயரம் இருந்தது. நீண்ட பாவாடை உடுத்திய ஐரோப்பிய மாதர் அதில் ஏற நினைப்பதும் அரிது. 1885-ல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவுடையனவாய், சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியை வெளியிட்டார். 1888-ல் டன்லப், காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அதன் பின்னரே மேல்நாட்டு மாதர் பெருந்தொகையினராய் வீதிக்கு வந்தனர். உலகில் பெண் விடுதலைக்கு மிதிவண்டியைப் போல் வேறெதுவும் தொண்டு செய்யவில்லை என்று, அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் அந்தோணி அம்மையார் 1896-ல் கூறினார்.

டயருக்கு ரப்பர் வேண்டும். முதலில் மிதிவண்டியும், பின்னர் அதனினும் மிகுதியாக மோட்டார் வண்டியும் எழுப்பிய அந்தத் தேவையே மலாயாக் காடுகளை ரப்பர்த் தோட்டங்களாக்கி, நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொணர்ந்தது. இருள் பிரியுமுன் எழுந்து பால்மரம் சீவிய நம் தாய்மார்களின் உழைப்பு உலகெங்கும் சக்கரமாய்ச் சுழன்றது. அவர்களுள் எத்தனை பேர் ஒரு மிதிவண்டியில் ஏறி அமர்ந்திருப்பர்?

புதுக்கோட்டையில் நடந்தது

புதுக்கோட்டை, நம் தோட்டங்களில் பலருக்குப் பாட்டன் ஊர். அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் முழு எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்துக் கற்பிக்க ஊர் ஊராய்ச் செல்ல வேண்டிய பெண் தொண்டர்கள், பேருந்துக்கும் ஆடவர் துணைக்கும் காத்திருந்தால் பணி நடவாது என்று கண்ட அம்மையார், மிதிவண்டிப் பயிற்சியையும் இயக்கத்தின் அங்கமாக்கினார். கற்பித்த பெண்கள் ஓட்டினர். அவர்களைப் பார்த்துக் கற்க வந்த பெண்களும் ஓட்டினர்.

கல்லுடைப்போர், வயல் வேலை செய்வோர், சத்துணவுப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல தரத்தாரும் இதில் அடக்கம். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! 1992-ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில் 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிப் புதுக்கோட்டை நகரில் அணிவகுத்தனர். எழுபதாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. தொடக்கத்தில் ஆடவர் சிலர் தகாத சொற்களை வீசினர். ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் அச்சொற்கள் அவளை வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கும். ஊரே திரண்டு ஓட்டியபோது, ஏளனம் செய்தவர் வாய் ஓய்ந்தது. மிதிவண்டி அடியைத் தடுக்கும் கேடயம் அன்று. ஆயினும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், தண்ணீர் எடுத்து வரவும், பொழுதோடு வீடு திரும்பவும் இன்னொருவர் கையை எதிர்பாராத நிலையை அது தந்தது. பிறர் தயவில் நிற்பவளையே கொடுமை எளிதில் பற்றுகிறது.

பிற இடங்களில்

2006-ல் பீகார் அரசு, ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கியது. அதனால் உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் தொகை 32 விழுக்காடு உயர்ந்ததென்று கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு காட்டுகிறது. ஆப்பிரிக்காவின் ஸாம்பியா நாட்டில் மாணவியர்க்கு வண்டி கொடுத்து ஆராய்ந்தபோது, பள்ளிப் பயண நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வழியில் நேரும் தொல்லையும் குறைந்தது.

நமக்குரிய பாடம்

நான் பணியேற்ற புதிதில், ஆறாம் வகுப்பில் முதலாவதாய்த் தேறிய மாணவி ஒருத்தி இடைநிலைப் பள்ளிக்குப் போகவில்லை. பேருந்து நிற்கும் பெருஞ்சாலைக்கும் லயத்துக்கும் இடையே மூன்று மைல் மண்சாலை, இருபுறமும் மரங்கள். "வயசுப் பிள்ளை, வாத்தியாரே" என்றார் தந்தை. நானும் தலையசைத்து வந்துவிட்டேன். நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்கொரு வண்டிக்கு ஏற்பாடு செய்து, கூட்டமாய் அனுப்பியிருக்கலாம் என்பது புதுக்கோட்டைச் செய்தியைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது. அதற்குள் அவள் இரண்டு குழந்தைகளுக்குத் தாய்.

இன்று மிதிவண்டியின் இடத்தில் கைத்தொலைபேசி வந்திருக்கிறது. நம் நாட்டில் 1994-ல் இயற்றிய குடும்ப வன்முறைச் சட்டம் உண்டு. உதவி கோர 15999 என்ற தாலியான் காசே எண்ணும் உண்டு. அதே தொலைபேசியால் பெண்ணைத் தொடர்ந்து தொல்லை செய்வோரும் உளர். அத்தகைய பின்தொடர்தல் 2023 முதல் தண்டனைக்குரிய குற்றம். கருவி இருபுறமும் வெட்டும். அது பெண்ணின் சொந்தக் கையில் இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்த அவள் கற்றிருக்க வேண்டும். அவள் அழைக்கும்போது பதில் சொல்ல ஊர் இருக்க வேண்டும். இம்மூன்றும் கூடியதாலேயே புதுக்கோட்டையில் சக்கரம் சுழன்றது.

ஆசிரியப் பெருமக்களே, அந்த எண்ணை உங்கள் வகுப்பு மாணவியர் அறிவார்களா? நாளையே கேட்டுப் பாருங்கள். நான் அன்று தலையசைத்ததுபோல் நீங்களும் வந்துவிடாதீர்கள்.